வெட்டுக்காசு

அருப்புக்கோட்டை நகைக்கடை ஒன்றில் எனக்குக் காசு நோட்டம் பார்க்கிற வேலை. சுண்டினால் சத்தம், தடவினால் விளிம்பு. கள்ள ரூபாய் என் விரலைத் தாண்டிப் போனதில்லை. கெட்ட காசோ, ஓரம் குறைத்த காசோ வந்தால் அந்த இடத்திலேயே உளி வைத்து இரண்டாக வெட்டிக் கையில் கொடுத்துவிடுவது தொழில் வழக்கம். செல்வதுரை தள்ளினால் தள்ளியதுதான் என்று என்னைப் பற்றிக் கடைவீதியில் பேச்சு. அதில் எனக்குத் திமிரும் உண்டு.

நாற்பத்து நாலாம் வருஷம் தை மாதம், பரளச்சி கிராமத்துச் சங்கையா தன் மகள் கஸ்தூரிக்குத் தோடு எடுக்க வந்தார். மல்லாங்கிணற்று மாப்பிள்ளை வீட்டார் நாலு பேரும் கூட வந்து உட்கார்ந்திருந்தார்கள். சங்கையா அவிழ்த்த முடிச்சில் வெள்ளி ரூபாய்கள் கருத்துக் கிடந்தன. வீட்டுக்குள் கலயத்தில் போட்டுப் புதைத்து வைத்திருந்ததாம். கரிசல் மண்ணில் கிடந்த வெள்ளி அப்படித்தான் ஆகும். புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்று சொல்லி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன்.

ஒரு ரூபாயில் மட்டும் விளிம்பில் பிறை போல ஒரு துண்டு இல்லை.

மண் தின்றிருக்கும் என்றார் சங்கையா. மண் தின்றால் காசு முழுக்கச் சொறி பிடிக்கும், ஒரே இடத்தில் வளைவாகக் கடிக்காது என்றேன். அதுவரை சரிதான். மண் இல்லையென்றால் கைதான் என்று ஒரு தாவு தாவினேன் பாருங்கள், அங்கேதான் என் புத்தி கெட்டது. வெள்ளிக்காகக் காசின் ஓரத்தைச் செதுக்கி விற்கிறவர்கள் அப்போது ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

"காசு நல்ல காசுதான். நீங்கதான் கை வச்சிருக்கீக," என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி.

"எம் பிள்ளை மேல சத்தியமா நான் வெட்டலய்யா."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிறைக்குப் பக்கத்து எழுத்துகள் பாதியில் அறுபடாமல் ஓரத்தை நோக்கி இழுபட்டிருந்ததை அப்போதே பார்த்தேன். அரம் பட்ட கீறலும் இல்லை. இன்னொரு தரம் பார் என்று மனசு சொன்னது. நாலு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சந்தேகப்படுவது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. உளியை வைத்து ஓங்கி ஒரே போடு.

மாப்பிள்ளை வீட்டார் தோட்டைப் பார்க்காமலே எழுந்து போனார்கள். கல்யாணம் நின்றுபோனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, கஜானாவிலிருந்து முத்திரை பிரிக்காமல் வந்த புது ரூபாய்ப் பையில் அதே பிறை. எவன் கையும் படாத, பளபளக்கும் காசு. அதே இழுபட்ட எழுத்து. பிறைக்கு நேர் எதிரே விளிம்பு மழுங்கியிருந்தது. மாவைத் தேய்த்து டம்ளரால் வட்டம் போடும்போது, முன்பு போட்ட ஓட்டையில் டம்ளர் கொஞ்சம் ஏறிவிட்டால் வட்டம் குறையுமே, அப்படிக் காசுக்கு வட்டம் வெட்டும்போதே தகட்டில் குறைந்துபோய், அதற்குப் பிறகுதான் அச்சு விழுந்திருக்கிறது. மண்ணும் இல்லை, கையும் இல்லை, பிறவிக் குறை. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் திருவிருந்துக்கு எழுந்து போக எனக்குக் கால் வரவில்லை.

மறுநாளே அந்தக் காசை முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு பரளச்சிக்குப் போனேன். கிணற்றடியில் நின்ற பெண்ணிடம் சங்கையா வீடு எது என்று கேட்டேன்.

"எந்தச் சங்கையா? வெட்டுக்காசு சங்கையாவா?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

சங்கையா என்னை உட்காரச் சொன்னார். கஸ்தூரி தண்ணீர் கொண்டுவந்தாள். காது மூளியாகத்தான் இருந்தது. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அவர் உள்ளே போய் அந்த இரண்டு துண்டுகளையும் எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். சேர்த்துப் பார்த்தேன். பிறைக்கு எதிரே அதே மழுங்கல். அந்தக் காசை வெட்டியவன் உலகத்தில் ஒருவன்தான், அது நான். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அழுதுவிட்டேன்.

"நான் வெட்டலன்னு எனக்குத்தான் தெரியுமே. எங்கிட்ட எதுக்குச் சொல்றீக? ஊருக்குள்ள சொல்லிட்டுப் போங்க," என்றார்.

சொன்னேன். கிணற்றடி, பலசரக்குக் கடை, கோயில் வாசல் என்று ஓரிடம் விடாமல் புதுக் காசையும் பழைய துண்டுகளையும் காட்டி, தப்பு என்னுடையது என்று வாய் வலிக்கச் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். கொஞ்சம் பாரம் இறங்கினாற்போல பஸ்ஸுக்கு வந்து நின்றேன். காலையில் வீடு காட்டிய அதே பெண், எதிரே குடத்தோடு வந்தவளை நிறுத்தினாள்.

"ஏத்தா, சேதி தெரியுமா? நம்ம வெட்டுக்காசு காசை வெட்டலையாம்ல."