லாண்டரியில் வெளுத்த பாட்டுகள்

லாண்டரிக்காரியின் மகள் பாடாமல் விழுங்கிய பாட்டுகள் ஊராரின் உடுப்புகளிலிருந்து வெளியே வரத் தொடங்கியது ஒரு புதன்கிழமை காலையில்தான். முதலில் பாடியது பல் டாக்டரின் வெள்ளைக் கோட்டு. அவர் ஒருவருடைய கடைவாய்ப் பல்லைக் குறட்டில் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த சமயம், இடது கை மடிப்பிலிருந்து ஒரு சிறுமியின் குரல் கிளம்பி, ஒரு தாலாட்டின் இரண்டாவது அடியை நிதானமாகப் பாடி முடித்து நின்றது. நாற்காலியில் கிடந்தவர் வாயைத் திறந்தபடியே தூங்கிப்போனார். டாக்டர் பல்லைப் பிடுங்கினார், கையைக் கழுவினார், "அடுத்த ஆளு வாங்க" என்றார். அன்றைக்கு ஊரில் உருளைக்கிழங்கு விலை ஏறியிருந்தது. எல்லோரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால் கோட்டு பாடிய விஷயம் மறுநாள்தான் பேச்சுக்கு வந்தது.

காரணம் தபால் ஆபீஸுக்கு மேல் மாடியில் இருந்தது. ஊரின் சிறுமியர் சேர்ந்திசைக் குழு அங்கேதான் சனிக்கிழமைதோறும் ஒத்திகை பார்த்தது. ஏழு வயது நிறைந்த பெண்ணை அந்தக் குழுவில் சேர்க்காத தாய் அந்த ஊரில் தாயே இல்லை. குழுவை நடத்திய பாட்டு டீச்சருக்கு அப்படி ஒரு காது. எதிர்ச் சாரியில் கடிகாரக் கடையில் எந்தக் கடிகாரம் பின்தங்குகிறது என்று மாடி ஜன்னலிலிருந்தே கத்திச் சொல்வார். கொசுவை அடிப்பதற்கு முன் அது எந்தச் சுருதியில் பாடுகிறது என்று சொல்லிவிட்டுத்தான் அடிப்பார். சுருதி சேர்ந்த கொசுக்களை விட்டுவிடுவார் என்றும் சொல்வதுண்டு. அப்பேர்ப்பட்டவர் சில வருடங்களாக மாதம் தவறாமல் காது டாக்டரிடம் போய் வந்தார். ஏன் போகிறார் என்று அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. டாக்டரும் காதில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தார்.

லாண்டரிக்காரியின் மகள் குழுவில் சேர்ந்த முதல் வாரமே டீச்சர் அவள் பக்கத்தில் வந்து, குனிந்து, காதோடு சொன்னார். "கண்ணு, நீ வாயை மட்டும் அசை. அழகா அசை. சத்தம் வேணாம். இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும், என்ன?" ஏழு வயதில் அது அவளுக்கு ஒரு ரகசியப் பதவி கிடைத்த மாதிரி இருந்தது. எட்டு வயதில்தான் அது என்ன பதவி என்று புரிந்தது. அதற்குள் அவளுக்கு அந்த மாடி பிடித்துப்போயிருந்தது. உயரத்தின்படி மரப்படிகளில் ஏறி நிற்பதும், ஆரம்பிக்கும் முன் அத்தனை பேரும் ஒன்றாகத் தொண்டையைச் செருமுவதும், நீல யூனிஃபார்மும் பிடித்திருந்தன. நீண்ட சுரத்தில் பக்கத்தில் இருப்பவள் மூச்சு வாங்கும்போது தான் வாங்கக் கூடாது என்ற விதியும் பிடித்திருந்தது. பாடாவிட்டாலும் அவள் தன் முறை வரும்போதுதான் மூச்சு வாங்கினாள். வாயசைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. மேல்சுரம் வரும் இடத்தில் கண்ணை மூடுவாள், கழுத்து நரம்பு புடைக்கும், புருவம் தலைமுடியைத் தொட்டுவிட்டு வரும். பத்திரிகை போட்டோக்காரர் ஒவ்வொரு ஆண்டும் அவளைத்தான் படம் பிடித்தார்.

விழுங்கிய பாட்டு எங்காவது போகத்தானே வேண்டும். அது வியர்வையாகப் போனது. வியர்வை யூனிஃபார்மில் ஊறியது, யூனிஃபார்ம் அம்மாவின் லாண்டரித் தொட்டியில் ஊறியது, அந்தத் தொட்டியில்தான் ஊரின் பாதி உடுப்பும் ஊறியது. பல் டாக்டர் கோட்டுக்குப் பிறகு பாங்க் மேனேஜரின் காலர் பாடியது. அவர் கடன் இல்லை என்று சொல்லும்போதெல்லாம் அது சோகமான பகுதிக்குப் போனதால், வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். நீதிபதியின் அங்கி தீர்ப்புக்கு முன்னால் ஒரு அடியை முனகும். எந்த அடி என்பதை வைத்து வக்கீல்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். ஏழு வருடமாகப் பேசிக்கொள்ளாத ஒரு புருஷன் பெண்டாட்டியின் படுக்கை விரிப்பு ஒரு காதல் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டது. மீதி என்ன என்று அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு அவர்களுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தது.

லாண்டரியில் இஸ்திரி போட்டவர் அந்தப் பெண்ணின் தாய்மாமன். பெட்டியை மடிப்பின் மேல் ஓட்டினால் குரல் ஏறும், எடுத்தால் இறங்கும் என்று அவருக்குப் பழகிவிட்டது.

"அக்கா, மேனேஜர் பேண்ட்டு கீச்சுக் குரல்ல பாடுது. அவர் உடம்புக்கு அது நல்லாவா இருக்கு? வேற எதாவது மாத்தி விடவா?"

"வந்த துணியை வந்தவங்களுக்குக் குடுடா. கஞ்சியைக் கொஞ்சம் குறைச்சுப் போடு. அதுக்குத் தொண்டை கட்டுது."

வருடங்கள் ஓடின. ஆண்டு விழாக் கச்சேரி ஒவ்வொன்றிலும் லாண்டரிக்காரி முதல் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் விலாவில் இடித்துச் சொன்னாள். "கேக்குதா? இடது ஓரம். பாகு மாதிரி இழுக்குது பாருங்க, அது எம் பொண்ணு குரல்." மேடையில் அந்தப் பெண் வாயை அசைத்தபடியே கூனிக் குறுகினாள். அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம் அவளோடு சேர்ந்தே உயரமாக வளர்ந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் தூரத்தில் நின்று கையசைத்துக்கொண்டிருந்தது. பதினாறு வயதில் குழுவை விட்டுப் போகும் ஒவ்வொரு பெண்ணும் கடைசிக் கச்சேரியின் முடிவில் தனியாக முன்னால் வந்து ஒரே ஒரு அடி பாட வேண்டும். அதற்கு விடைவரி என்று பெயர். எந்த அடி என்று அவளே முடிவு செய்வாள். முன்கூட்டி யாரிடமும் சொல்லக் கூடாது, ஒத்திகையும் கிடையாது. அதில் வாயசைத்தால் ஊரே பார்த்துவிடும்.

பதினைந்தாவது வயதில் அவள் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பாடிப் பார்த்தாள். வாயிலிருந்து ஒரு சோப்புக் குமிழி வந்தது. கண்ணாடி வரை போய் உடைந்தது. மறுநாள் இரண்டு வந்தன. குரல் மட்டும் வரவில்லை. அதன் பிறகு அவள் தொண்டைப்புண் வருவதற்காக ஐஸ் கட்டியைச் சாக்லேட் மாதிரி தின்றாள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் சுளுக்காதா என்று படிகளைத் தாண்டித் தாண்டிக் குதித்தாள். தொண்டையும் காலும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தன. பஸ் படிதான் உடைந்தது.

கடைசிக் கச்சேரிக்கு முந்திய வாரம் ஊரே நல்ல துணிமணியை லாண்டரிக்கு அனுப்பியது. மாமா இஸ்திரி போட்டுப் போட்டு அவர் கை பெட்டி இல்லாமலேயே சுடத் தொடங்கி, கடைசி நாள் கைக்குட்டைகளை வெறும் உள்ளங்கையால் தேய்த்தார். கச்சேரி அன்று மேடைக்குப் பின்னால் இருந்த உடை மாற்றும் அறையில் அந்தப் பெண் ஒரு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளோடு சேர்ந்து குழுவை விடப்போகிற சைரன். பிறந்த அன்று அவள் அழுத அழுகையில் தீயணைப்பு வண்டி கிளம்பிவிட்டதால் வந்த பெயர். சைரனின் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது.

"என்னடி, உனக்கென்ன பயம்? நீதான் தொண்டையிலேயே பொறந்தவளாச்சே."

"சும்மா இருடி. எனக்குப் பாடவே வராது."

"ஏன் வராது?"

"வந்த முதல் வாரமே டீச்சர் என்னை வாயை மட்டும் அசைக்கச் சொல்லிட்டாங்க. எங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்னாங்க. யார்கிட்டயும் சொல்லிடாதடி, எங்கப்பா செத்துடுவாரு."

லாண்டரிக்காரியின் மகள் அவளையே பார்த்தாள். பிறகு எழுந்து, கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தவளைக் கேட்டாள். அவளும் அதே. ஷூ மாட்டிக்கொண்டிருந்தவள், தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள், ஊசி தேடிக்கொண்டிருந்தவள் எல்லோரும் அதே. கடைசியாக, முன்வரிசையில் நிற்கும் குட்டிப் பெண் கையைத் தூக்கினாள். "எனக்கும் சொன்னாங்கக்கா. போன வாரம்." நடந்தது இவ்வளவுதான். மற்றவர்களோடு மயிரிழை பிசகிய குரலை டீச்சர் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்திருக்கிறார். ஒன்றை அணைத்ததும் அடுத்தது பிசகாகத் தெரிந்திருக்கிறது. அப்படியே போய், குழுவில் பாடுகிறவர் யாருமே மிஞ்சவில்லை.

"அப்போ இத்தனை வருஷமா பாடினது யாரு?" என்றாள் சைரன்.

அவர்கள் திரைச்சீலை இடுக்கு வழியாக அரங்கத்தைப் பார்த்தார்கள். வரிசை வரிசையாக வெளுத்த காலர்கள், மடிப்புக் கலையாத கைகள், பளபளக்கும் கோட்டுகள். அத்தனை யூனிஃபார்மும் ஒரே லாண்டரிக்குத்தான் போனது; ஒத்திகை அறையில் டீச்சரின் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரை மூடிய கனத்த திரையும் அங்கேதான் வெளுத்தது. சைரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அடிப்பாவி! உன் வேர்வையும் என் வேர்வையும்தான்டி கச்சேரி பண்ணிட்டு இருக்கு!" ஒருத்தி சிரிக்க, இன்னொருத்தி சிரிக்க, அந்த அறையில் பல வருடங்களுக்குப் பிறகு முதல் முறையாகச் சத்தம் கேட்டது. லாண்டரிக்காரியின் மகளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு ஈரமூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஆனால் பாதி மூட்டைதான். விடைவரி அப்படியே நின்றது, அம்மாவும் முதல் வரிசையில் அப்படியே இருந்தாள்.

கச்சேரி வழக்கம்போல நடந்தது. பெண்கள் வாயசைத்தார்கள், ஊரின் சட்டைகள் பாடின, ஊர் உருகியது. குழுவை விடுகிறவர்களில் உயரம் குறைந்தவள் முதலில் என்பது வழக்கமாகையால் விடைவரிக்கு லாண்டரிக்காரியின் மகள்தான் முதலில் முன்னால் வந்தாள். அரங்கம் அமைதியானது. சட்டைகளும் சும்மா இருந்தன. வேறென்ன செய்யும், இது ஒத்திகை பார்த்து விழுங்கிய பாட்டில்லையே. அவள் வாயைத் திறந்தாள். ஒரு சோப்புக் குமிழி வந்தது. அது முதல் வரிசை வரை மிதந்து போய் லாண்டரிக்காரியின் மூக்கு நுனியில் உடைந்தது. அதன் பின்னாலேயே குரல் வந்தது. இன்னும் ஒரு தடவைகூட நனையாத புதுத்துணி மாதிரி விறைப்பான குரல். சுருதிக்கு அரைச்சுரம் கீழே இருந்தது; போகப் போக இன்னும் இறங்கியது.

டீச்சரின் கை காற்றில் நின்றது. அவர் மெதுவாக அவளை நெருங்கி வந்து, முதல் வாரம் குனிந்த மாதிரியே குனிந்தார். அவள் பாட்டை விடவில்லை. டீச்சர் சொன்னது கடைசி வரிசை வரை கேட்டது.

"அப்பாடா! முன்னாடி இருந்து கேக்குதும்மா! ஐயோ, முன்னாடி இருந்து கேக்குது!"

விஷயம் பிறகுதான் விளங்கியது. டீச்சர் நிற்பது பெண்களைப் பார்த்து. பாட்டு வந்ததோ இத்தனை வருடமும் முதுகுக்குப் பின்னாலிருந்து. தன் காது திசைமாறிப் போய்விட்டது, இந்த வேலைக்கே லாயக்கில்லாமல் ஆகிவிட்டோம் என்று அந்த அம்மாள் யாரிடமும் சொல்ல முடியாமல் மாதாமாதம் காது டாக்டர் வாசலில் போய் நின்றிருக்கிறார். இப்போது அவர் கண்ணில் நீர் கொட்ட, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு கத்தினார். "சுருதி எக்கேடோ கெட்டுப் போகட்டும் கண்ணு! பாடு! சத்தமா பாடு!"

அவள் பாடினாள். சைரன் தன் முறைக்குக் காத்திராமல் சேர்ந்துகொண்டாள். மரப்படிகளில் நின்ற அத்தனை பெண்களும், அந்தக் குட்டி உட்பட, ஆளுக்கொரு சுருதியில் தொண்டையைத் திறந்தார்கள். மூன்று தெருப் புறாக்கள் ஊரைக் காலி செய்தன. கடிகாரக் கடையின் கடிகாரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மணி அடித்தன. தீயணைப்பு வண்டி கிளம்பி அரங்க வாசல் வரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, உட்கார இடம் கிடைக்குமா என்று கேட்டது. அவ்வளவு மோசமாக அந்த ஊரில் யாரும் பாடியதில்லை. கைதட்டல் நிற்கவும் வெகுநேரம் ஆனது.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது. இன்னிக்கு வரைக்கும் நான் பாடவே இல்ல."

"தெரியும்டி."

"தெரியுமா? எப்படிம்மா?"

"யாரு துவைச்சது?"

அம்மா அவள் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள். "தினம் தினம் உன் குரலைத்தானே அலசிப் பிழிஞ்சு காயப் போட்டேன். உன் பாட்டெல்லாம் என் ரவிக்கைத் தோள்லதான் உக்காந்து பாடிச்சு. என்னைக்காவது நீயா வந்து சொல்லுவேன்னு பார்த்தேன், எங்க சொன்ன? அது கிடக்கட்டும், பசிக்குதா?" பசித்தது. ஒன்பது வருடம் பாட்டை விழுங்கிய வயிற்றில் முதல் முறையாக இடம் காலியாக இருந்தது. அன்று வீட்டில் சமைத்ததை எல்லாம் அவளே தின்று தீர்த்தாள். மாமாவுக்குத் தண்ணீர்தான் கிடைத்தது.

இப்போது அவள் பஸ் கண்டக்டர். அவள் ஸ்டாப்பின் பெயரைச் சொன்னால் அடுத்த இரண்டு ஸ்டாப்பில் நிற்பவர்களும் பையைத் தூக்கிக்கொண்டு தயாராகிறார்கள். டீச்சர் காது டாக்டரிடம் போவதை விட்டுவிட்டார். குழுவில் எல்லோரையும் பாடவிடுகிறார், தாங்க முடியாதபோது பஞ்சு வைத்துக்கொள்கிறார். சட்டைகள் பாடுவது ரொம்பக் குறைந்துவிட்டது. எப்போதாவது கடைத்தெருவில் யாருடைய காலராவது மெல்ல முனகினால், உருளைக்கிழங்கைத் தராசில் போட்டுக்கொண்டே கடைக்காரர் கேட்பார்: "யார் வீட்டுப் பொண்ணு இன்னிக்கு எதை முழுங்கிச்சோ?" பக்கத்தில் இருப்பவர் போய் அந்தப் பெண் யாரென்று விசாரித்து, என்னம்மா விஷயம் என்று கேட்டுவிட்டு வருவார். கடைக்காரர் அதற்குள் எடை போட்டு முடித்திருப்பார்.