புருவத்தில் நீலம்

மேசையின் தலைமாட்டில் எலாடியோ, அவனுக்கு வலப்பக்கம் தம்பி ஃபெர்மின், ஃபெர்மினை ஒட்டி அவன் மனைவி ஒப்துலியா, அடுப்படிக் கதவோரம், எழுந்து ஓட வசதியாக, டொரிண்டா... நான்கு பேரும் திராட்சைப் பந்தலுக்கு அடியில்தான், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, சிப்பிக்கறி ஆறிக்கொண்டிருந்தது, டொரிண்டாவுக்கு மட்டும் கணவன் எலாடியோவின் புருவத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. மயில்துத்த நீலம். அண்ணாந்து மருந்தடிப்பவன் முகத்தில்தான் அது முதலில் விழும், ஆனால் அது ஜூன் மாதத்து நீலமல்லவா, இது செப்டம்பர், மருந்து பட்ட குலையை மூன்று வாரத்துக்குத் தொடக்கூடாது, புதன்கிழமை அறுவடை என்று கூட்டுறவுச் சங்கம் சொல்லியாகிவிட்டது, எப்போது அடித்தான், அவள் பூசைக்குப் போயிருந்தபோதா? "என்ன மச்சான், திருவிழாவுக்கு வேசம் கட்டிட்டீங்களா?" என்று ஒப்துலியா சிரித்தாள். "சிரி, சிரி. விடியக்காலையே ஒரு இலை விடாம அடிச்சிட்டேன். உன் புருசன மாதிரி சோம்பேறியா நான்?" எலாடியோ வெள்ளைக் கிண்ணத்தில் போன வருட அல்பரீன்யோவை ஊற்றி மோந்து பார்த்தான், நல்ல ஒயின் என்று இன்னும் மூக்குக்குத் தெரிகிறது, மாதம் மட்டும்தான் தெரியவில்லை. ஃபெர்மின் சிரிக்கவில்லை.

தட்டெடுக்க எழுந்த டொரிண்டாவின் பின்னாலேயே ஃபெர்மின் வந்தான். "அண்ணி, வாயத் திறக்காதீங்க. ஒரு மழை பேஞ்சா கழுவிட்டுப் போயிரும். சங்கத்துத் தொட்டியில எல்லார் பழமும் ஒண்ணாத்தான விழுது, யாருக்குத் தெரியப்போவுது?" எல்லார் பழமும் ஒன்றாக விழுவதுதானே பயம்... சோதனையில் தெரிந்தால் தொட்டி முழுவதும் சாக்கடைக்கு, பக்கத்துத் தோட்டத்து வில்மாவின் ஒரு வருட விளைச்சலும் அதோடு போகும். மழையாம், வேண்டாம் வேண்டாம் என்று கோடை முழுக்கக் கும்பிட்ட மழை, பழுத்த பழத்தில் பட்டால் வெடித்து அழுகிவிடும் மழை, அதையே இப்போது வா என்று கூப்பிடுவதா? கூப்பிட்டால் பழம் போகும், கூப்பிடாவிட்டாலும் போகும். "சங்கத்துக்கு எழுதிக் குடுத்துடுறேன்" என்றாள். "யார் அடிச்சதுன்னு எழுதுவீங்க? அந்தச் சங்கத்த ஆரம்பிச்சதே அண்ணன்தான். ஊரே சிரிக்கும்."

அவர்கள் போன பிறகு அதே மேசையில் உட்கார்ந்து எழுதினாள், மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு, எங்கள் பந்தலின் பழத்தை இந்த ஆண்டு எடுக்க வேண்டாம், தவறுதலாக மருந்தடித்தது... பேனா நின்றது, தலைக்கு மேலே குலைகள் நீலப் பொடி பூத்துத் தொங்கின, எத்தனை அழகான குலைகள், யார் என்று எழுதுவது... நான், என்று எழுதினாள், மறதியாக நான். பொய். பொய்தானா? இவருக்கு மறதி, தோட்டத்து மருந்து அறையைப் பூட்டி வையுங்கள் என்று டாக்டர் வசந்த காலத்திலேயே சொன்னார், பூட்டும் வாங்கினாள், மாட்டினால் அவன் அந்தக் கதவின் முன்னால் நின்று இழுத்து இழுத்துப் பார்ப்பானே, அதைப் பார்க்க யாரால் முடியும், பூட்டு உறை பிரிக்காமல் கரண்டிகளோடு கிடக்கிறது. "யாருக்கு லெட்டர்? மகளுக்கா?" என்று எலாடியோ வந்து நின்றான். "சங்கத்துக்கு." "குடு, நான் ஒட்டுறேன்." நாக்கால் நனைத்து, கட்டை விரலால் அழுத்தி, ஓரம் ஓரமாக நீவி... எவ்வளவு கவனம்.

தேவாலயத்துச் சுவரோரம் மஞ்சள் தபால் பெட்டிவரை இருவரும் நடந்தார்கள், அவனே உள்ளே போட்டான், கடிதம் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. கடல் பக்கம் வானம் கறுத்திருந்தது. எலாடியோ அண்ணாந்து பார்த்தான், புருவத்து நீலம் இன்னும் போகவில்லை. "மழை வரும் போலிருக்கு. நாளைக்கே மருந்து அடிச்சிடணும், டொரிண்டா." அந்தப் பூட்டை இன்றாவது... இன்றும் மாட்டமாட்டாள் என்று அவளுக்குத் தெரிந்தது. "சரி" என்றாள்.