ஒன்பதாம் வகுப்பில் விழுந்த கற்கள்

பள்ளி திறந்த இரண்டாவது திங்கட்கிழமை, முதல் பாடவேளையில், கரும்பலகையைப் பார்த்தபடி கணக்கு டீச்சர் சொன்ன 'இது' என்ற சொல் கல்லாகித் தரையில் விழுந்தது. பட்டாணி அளவு, கறுப்பு நிறம், ஓரம் மழுங்கிய கல். அடுத்த நாற்பது நிமிடத்தில் அதேபோல் இன்னும் அறுபத்து மூன்று விழுந்தன. மணியடித்ததும் டீச்சர் அவற்றைக் காலால் மேஜைக்கடியில் ஒதுக்கிவிட்டு, கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு பத்தாம் வகுப்புக்குப் போனார். பத்தாம் வகுப்பில் ஒன்றும் விழவில்லை.

அன்றைக்குத்தான் ஒன்பதாம் வகுப்பில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருந்தாள். பிறவியிலேயே பார்வை இல்லாதவள். கெட்டித் தாளை ஒரு சட்டத்தில் செருகி, கட்டை விரல் நீள ஊசியால் வலமிருந்து இடமாக டொக் டொக்கென்று புள்ளி குத்துவாள். தாளைத் திருப்பிப் போட்டு இடமிருந்து வலமாகத் தடவிப் படிப்பாள். அந்தச் சத்தத்துக்காக முதல் நாள் மதியத்துக்குள்ளேயே அவளுக்கு மரங்கொத்தி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளுக்கும் அது பிடித்திருந்தது. அவளைத் தன் வகுப்பில் போடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் டீச்சர் தலைமையாசிரியர் அறைக்குப் போய், "சார், சரித்திரம் பூகோளம்னா வாயால சொல்லிரலாம். வட்டத்தையும் முக்கோணத்தையும் நான் எப்படி சார் காட்டுவேன்?" என்று கேட்டிருந்தார். தலைமையாசிரியர் எல்லாவற்றுக்கும் சொல்லும் பதிலையே சொன்னார்: "பாத்துக்கலாம் டீச்சர்."

கணக்கு டீச்சர் போர்டு வேலைக்குப் பேர் போனவர். கவராயம் இல்லாமல் ஒரே வீச்சில் வட்டம் போடுவார். கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து பிசகாமல் முடியும். இருபத்திரண்டு வருடமாக வகுப்புக்கு முதுகைக் காட்டி நின்று, விரலால் தட்டித் தட்டியே பாடம் நடத்தியவர். "இதை இங்க கொண்டுவந்தா, இது அதுக்குச் சமம். அப்போ இது போயிரும், மிச்சம் இது." பார்க்கிறவர்களுக்கு அது தெளிவாகத்தான் இருந்தது. மரங்கொத்தி மட்டும் ஒவ்வொரு கல் விழும்போதும் கையைத் தூக்கி, "எது டீச்சர்?" என்று கேட்டாள். முதல் வாரம் வகுப்பு சிரித்தது. இரண்டாவது வாரம் டீச்சருக்கு எரிச்சல் வந்தது. "சும்மா சும்மா குறுக்க பேசாத. பக்கத்துல இருக்கறவ சொல்லுவா, கேட்டுக்கோ" என்றார். பக்கத்தில் இருந்தவளுக்கே பாதி புரியவில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து மரங்கொத்தி கேட்பதை நிறுத்திவிட்டாள். கற்கள் நிற்கவில்லை.

பள்ளிக்கூடம் அதை ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. மற்ற ஆசிரியர்களுக்கும் அந்த வகுப்பில் நாலைந்து விழத்தான் செய்தன. கணக்கு டீச்சருக்குக் கொட்டியது போல் யாருக்கும் கொட்டவில்லை, அவ்வளவுதான். அறிவியல் ஆசிரியர் தராசில் வைத்துப் பார்த்து, 'இது' நான்கு கிராம், 'அது' ஆறு, 'அங்கே' பதினொன்று, பொருள் தள்ளிப் போகப் போக எடை கூடுகிறது என்று குறித்து வைத்தார். இலக்கண வாத்தியார் இரண்டு நாள் ஜன்னலோரம் நின்று கேட்டுவிட்டு, பெயரைச் சொன்ன பிறகு வரும் 'அது' விழுவதில்லை, விரலை நம்பி வரும் 'அது' மட்டுமே விழுகிறது என்று கண்டுபிடித்தார். இருவரும் இதை வைத்து ஒரு மாதம் சண்டை போட்டார்கள். பெருக்க வரும் அம்மா மட்டும் நேராக டீச்சரிடமே வந்து, "உங்க கிளாஸ்ல மட்டும் தினமும் ஒரு கூடை அள்றேன் டீச்சர். என் இடுப்பையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க" என்றாள்.

மூன்றாவது மாதம், வீட்டுப்பாடத் தாளைக் கொடுக்க எழுந்து வந்த மரங்கொத்தி, மேஜைக்குப் பக்கத்தில் கிடந்த கற்கள் மேல் கால் வைத்து வழுக்கி விழுந்தாள். பிடிமானத்துக்கு நீட்டிய வலது கை மேஜை விளிம்பில் மோதி, ஆள்காட்டி விரலில் எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கட்டு. மறுநாள் அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்தாள். தையல்காரி, தோளில் கிடந்த அளவு நாடாவைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தாள். சண்டை போடுவாள் என்று டீச்சர் எதிர்பார்த்து, சொல்ல வேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தார். அவள் சண்டை போடவில்லை. "அவ அந்த விரலாலதான் படிப்பா டீச்சர். கட்டுப் போட்ட கையைப் புக்கு மேல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. புக்கு பேச மாட்டேங்குதும்மாங்கறா" என்று மட்டும் சொல்லி, விடுப்புக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அடுக்கி வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட டீச்சருக்குப் பயன்படவில்லை.

ஒரு வாரம் கழித்து மரங்கொத்தி வகுப்புக்குத் திரும்பிய அன்று, டீச்சர் போர்டில் ஒரு வட்டம் போட்டார், வாயைத் திறந்தார், 'இது' நாக்கு நுனிக்கு வந்தது, விழுங்கிவிட்டார். விழுங்கிய சொல் வயிற்றில் கல்லாகவே கிடந்தது. அடுத்த சொல்லையும் விழுங்கினார். பாடவேளை முழுக்க அவர் சொன்னது மொத்தம் மூன்றே வாக்கியம். அவற்றில் ஒன்று "ஜன்னலைச் சாத்துங்க." வீட்டுக்கு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் கணவர் கொடுத்த ஜீரண மாத்திரைக்கு அது அசைந்து கொடுக்கவில்லை. அவரை உண்மையில் வதைத்தது வயிறு அல்ல. வட்டத்தைத் தொட்டுக்கொண்டு போகும் கோட்டை இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். விரலை மடக்கிக்கொண்டு யோசித்தால் அது என்ன என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்ததில் பாதி விரலுக்குத்தான் தெரிந்திருந்தது.

"ஏங்க, கண்ணை மூடுங்க" என்றார் கணவரிடம்.

"எதுக்கு?"

"பாடம் எடுக்கப் போறேன்."

கணவர் கணக்கில் மூன்று முறை தோற்று, நான்காவது முறை பரீட்சை எழுதப் போகாமலே விட்டவர். தப்பித்துப் போக வழியில்லாமல் கண்ணை மூடினார். டீச்சர் அவருக்கு முன்னால் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்து, தட்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி மேஜை மேல் அவருடைய விரலை வைத்தார். விரலில் இரண்டு நூலைக் கட்டினார். "ஒரு நூலைத் தட்டோட இடது விளிம்பை உரசிக்கிட்டுப் போற மாதிரி இழுங்க. இன்னொண்ணை வலது விளிம்பை உரசுற மாதிரி. உரசணும், தட்டு மேல ஏறக்கூடாது. இப்ப உங்க விரல்ல இருந்து உரசுற இடம் வரைக்கும் ரெண்டு நூலும் எவ்வளவு நீளம்னு தடவிப் பாருங்க." கணவர் தடவினார். மறுபடியும் தடவினார். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். கண்ணைத் திறக்காமலே, "ஏம்மா, இதை அப்பவே எவனாவது எனக்கு இப்படிச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். டீச்சரின் வயிற்றில் கிடந்த கற்களில் ஒன்று அப்போது கரைந்தது.

மற்றவை கரைய நான்கு மாதம் ஆயிற்று. ரப்பர் விரிப்பு, குண்டூசி, நூல் எல்லாம் வகுப்புக்கு வந்தன. போர்டில் எழுதும் ஒவ்வொன்றையும் டீச்சர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். புள்ளிகளுக்குப் பெயர் வைத்தார், கோடுகளுக்குப் பெயர் வைத்தார், பெயர் கிடைக்காதபோது நின்று யோசித்தார். பாடம் மெதுவாகத்தான் நகர்ந்தது. கடைசி பெஞ்சுக்காரர்கள் இருவர் முதன்முறையாகக் கணக்கில் தேறினார்கள். காரணம் கேட்டபோது, இதற்கு முன்னால் டீச்சரின் முதுகு மறைத்துக்கொண்டிருந்தது என்றார்கள். மரங்கொத்தி கட்டுப் போட்டிருந்த ஆறு வாரத்தில் இடது விரலுக்குப் படிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தாள். கட்டு பிரித்த பிறகு இரண்டு கையாலும் படித்தாள், முன்னைவிட வேகமாக. ஒருநாள் தானாகவே கையைத் தூக்கி, "டீச்சர், புள்ளி வட்டத்துக்கு உள்ளேயே இருந்தா?" என்று கேட்டாள். டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவள் மறுபடி கேள்வி கேட்க ஏழு மாதம் ஆகியிருந்தது.

ஆனால் விபத்து நடந்தது நடந்ததுதான். தலைமையாசிரியர் மேலே எழுதிப் போட்டிருந்தார், மேலே இருந்தவர்கள் அதை ஆற அமரப் படித்திருந்தார்கள். ஆண்டு முடிய ஆறு வாரம் இருக்கும்போது, பத்து மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் விடுதிப் பள்ளிக்கு அவளை மாற்றிவிடலாமா என்று முடிவு செய்ய ஓர் அதிகாரி வந்தார். கெட்டவர் அல்ல. முழங்கால் வலிக்காரர், அன்றைக்கே இன்னும் இரண்டு பள்ளி பார்க்க வேண்டியிருந்தது. ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்து, முதல் பெஞ்சில் இருந்த மரங்கொத்தியைத் தாண்டி டீச்சரைப் பார்த்து, "இந்த மாதிரிப் பிள்ளைங்களையெல்லாம்..." என்று தொடங்கினார்.

விழுந்த கல் ஒரு மாவு மூட்டை அளவு இருந்தது. அவருடைய வலது ஷூவுக்கு நான்கு விரற்கடை தள்ளி விழுந்தது, தரை பிளந்தது, பக்கத்து வகுப்பில் சாக்பீஸ் டப்பா கவிழ்ந்தது.

"எந்த மாதிரி சார்?" என்று மரங்கொத்தி கேட்டாள். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளும் ஆர்வம்தான்.

அதிகாரி முழங்கால் வலி தாங்காமல் அந்தக் கல் மேலேயே உட்கார்ந்தார். "உன் பேரு என்னம்மா?" என்று கேட்டார். சொன்னாள். எத்தனை மணிக்கு எழுவாள், யார் கொண்டுவந்து விடுகிறார்கள், கணக்கு வருகிறதா என்று கேட்டார். அவள் ரப்பர் விரிப்பை எடுத்துக்கொண்டு வந்து, அவருடைய விரலைப் பிடித்து வட்டத்துக்கு வெளியே ஒரு குண்டூசியின் மேல் வைத்து, நூல் நூலாக நடத்திக்கொண்டு போனாள். "எனக்கு இந்த ஸ்கூல்லயே புரியுது சார். அம்மா தையல் மெஷின் சத்தம் கேக்காத ஊருல எனக்குப் படிப்பு ஏறாது" என்றாள். அதிகாரி தன் படிவத்தில் 'தற்போதைய ஏற்பாடே தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கல்லை அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டு அடுத்த பள்ளிக்குப் போனார். நான்கு ஆள், இரண்டு கடப்பாரை, ஒரு பகல் முழுக்க முயன்றும் அது அசையவில்லை. அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் அதன்மேல் புத்தகப் பைகளை வைத்தார்கள்.

மரங்கொத்தி இறுதித் தேர்வில், தான் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு எழுதினாள். கணக்கில் தொண்ணூற்று நான்கு. போன ஆறு மதிப்பெண்ணும் எழுதியவரின் பிழை என்று இன்றைக்கும் சொல்வாள். கல்லூரிக்குப் போனாள். ரயில்களுக்கு நேர அட்டவணை போடும் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். எந்த வண்டி எங்கே எந்த வண்டிக்கு வழிவிட்டு நிற்க வேண்டும் என்பதை மனக்கணக்காகவே சொல்லிவிடுவாள் என்று பேர் வாங்கினாள். அவள் சேர்ந்த முதல் மாதமே அந்த அலுவலகத்தில் மேஜைக்கு மேஜை ஒரு வாளி வைத்தார்கள். இரண்டாவது ஆண்டு வாளிகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தார்கள். கணக்கு டீச்சர் ஓய்வு பெற்றார். கணவர் காலமானார். வீட்டில் டீச்சர் ஒருவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டீச்சர் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருக்கும்போது போன் அடித்தது. மரங்கொத்திதான். "என்ன டீச்சர் பண்ணிட்டிருக்கீங்க?" என்றாள். டீச்சர் யோசிக்காமல், "இதோ, இங்கதான், சும்மா இதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றார். மூன்று கற்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோப்பைக்குள் விழுந்தன. தேநீர் புடவையில் தெறித்தது.

"என்னமோ விழுந்துச்சே டீச்சர்?"

"விழுந்துச்சு" என்றார் டீச்சர். கரண்டியால் மூன்றையும் எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு, ஒரு வாய் குடித்தார். பிறகு ஜன்னல் எவ்வளவு அகலம், வெயில் எந்தப் பக்கத்திலிருந்து எந்தக் கம்பி வரை வந்திருக்கிறது, எதிர் மாடியில் யாரோ காயப்போட்ட நான்கு போர்வைகளில் மூன்றாவது மட்டும் ஏன் காற்றில் தூக்கவில்லை என்று, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.