யாரும் ஈரல் போடக் கூடாது

பஸ்பூஸா முதலில் நொண்டினாள். பிறகு மேசைமேல் தாவுவதை நிறுத்தினாள். குளிர்காலம் முடிவதற்குள் கழுத்தும் திரும்பாமல் போனது. பின்னாலிருந்து கூப்பிட்டால் உடம்பையே சுற்றிக்கொண்டு பார்ப்பாள். எட்டு வருஷம் முன்பு, அலெக்சாந்திரியாவில் நாங்கள் இந்த ஈரல் கடையைத் திறந்த வாரம் மழைக்கு ஒதுங்கி வந்த பூனைக்குட்டி அவள். நான் நறுக்குவேன், என் வீட்டுக்காரர் பயூமி வதக்குவார், அவள் மேற்பார்வை பார்ப்பாள்.

ஊரே வைத்தியராகிவிட்டது. கண்ணேறு என்றார்கள்; நீல மணி கட்டினேன், சாம்பிராணி போட்டேன். எலும்பு முறிந்திருக்கும் என்றார்கள். டாக்டர் ஷாஹந்தாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். காலைப் படம் எடுத்தார். முறிவு இல்லை, காரணமும் தெரியவில்லை. வலிக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். கேட்டுக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. உடம்பு தேறட்டும் என்று அவள் பங்கு ஈரலை இரண்டு மடங்காக்கினேன்.

ஒரு மத்தியானம் அதே டாக்டர் எங்கள் கடைக்குச் சாப்பிட வந்தார். நான் பஸ்பூஸாவுக்கு ஈரல் போடுவதைப் பார்த்ததும் பாதி ரொட்டியில் அவர் கை நின்றுவிட்டது.

"ஹஜ்ஜா இன்ஷிராஹ், பூனைக்கு இது எத்தனாவது துண்டு?"

"எண்ணிப் பாத்தா போடுவாங்க? பத்து இருக்கும். பச்சையா குடுத்தாதான் சத்து."

"எத்தனை வருஷமா?"

"எட்டு."

"என்ன சாப்பிடுறான்னு அன்னிக்கே கேட்டேனே!"

"நாங்க சாப்பிடுறதத்தான்னு சொன்னேனே. நாங்க வேற என்னத்த சாப்பிடுறோம்?"

மறுநாள் கழுத்தைப் படம் எடுத்தார். எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. ஈரலில் இருக்கும் ஒரு சத்து அளவு மீறினால் பூனைக்கு விஷமாம்.

"ஒட்டினது பிரியாது. இப்பவே நிறுத்தினா வலி குறையும், நடப்பா. இல்லன்னா ஒரேயடியா படுத்துடுவா. ஆனா வேற எதையும் தொடமாட்டா, பட்டினியும் போடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். உங்களால முடியுமா?"

முடக்கியது என் கை. முடியாது என்று எந்த வாயால் சொல்வேன்? வீட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதேன். அழுது முடித்து, "யாரும் ஈரல் போடக் கூடாது" என்று அட்டையில் எழுதிக் கடை வாசலில் தொங்கவிட்டேன்.

"ஈரல் கடைப் பூனைக்கே ஈரல் இல்லையா? அப்ப பயூமி அண்ணன் பாடு?" என்றான் மெக்கானிக் ஒருவன்.

"அவருக்கு இருக்கு, முதுகுல. உனக்கும் வேணுமா?"

வேகவைத்த கோழியை மசித்து, நகமளவு ஈரலைத் தேய்த்து வைத்தேன். நாளுக்கு நாள் அந்த நகத்தையும் சுருக்கினேன். பஸ்பூஸா முகர்ந்துவிட்டு மூஞ்சியைத் தூக்கிக்கொண்டாள். ஊசிக்குழாயால் வாயில் ஊட்டினேன், துப்பினாள், பிறாண்டினாள். என் இரண்டு கையும் கோடு கோடாய்க் கிழிந்தன. நானும் விடவில்லை.

பத்தாம் நாள் பயூமி மேசைக்கடியில் குனிந்திருந்தார். விரலில் ஒரு துண்டு.

"யோவ்!"

"என்னப் பாத்து கேக்குறா, இன்ஷிராஹ்."

"என்னையுந்தான் கேக்குறா. குடுத்துக் குடுத்துத்தான் இந்தக் கதி. இன்னொரு துண்டு போட்டே, நாளையிலேர்ந்து நீயே நறுக்கிக்கோ, நீயே வதக்கிக்கோ."

துண்டைச் சட்டியில் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார். கண்ணைத் துடைத்தபடி, புகை என்றார்.

நாலாவது வாரம் கோழியைத் தானாகத் தின்றாள், பயூமி நீட்டிய கிண்ணத்திலிருந்து. இரண்டாவது மாதம் நொண்டல் குறைந்தது. கழுத்து இன்றும் திரும்பாது. முதுகை நக்க எட்டாததால் தினமும் ஈரத்துணியால் நான்தான் துடைத்துவிடுகிறேன்.

ஊட்டியதும் பிடுங்கியதும் இந்தக் கைதான் என்பதால் என்னைக் கண்டாலே அவளுக்கு ஆவதில்லை. என் மடியில் தூங்கியவள் இப்போது பயூமியின் காலடியில் கிடக்கிறாள். வலிக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

நேற்றுத் துணியோடு கிட்டப் போனேன். சட்டென்று எழுந்தாள். நாலு காலையும் ஊன்றி, கொஞ்சமும் நொண்டாமல், தெருக்கோடிவரை நடந்துபோய் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"போடி, போ!" என்று கடை வாசலில் நின்று கத்தினேன். "இன்னும் தூரமா போ!"