மூன்றாம் ஓலை

செங்கல்பட்டு இறையியல் கல்லூரியில் ஞானாபரணம் அம்மாளிடம் எபிரெயம் படித்த எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. பிற்பாடு பிஷப்பான மாணவருக்கும் சேர்த்துத்தான். வகுப்பில் எவராவது, "நான் ஒத்துக்க மாட்டேம்மா" என்று எழுந்தால் போதும், சாக்பீஸை நீட்டுவார். "காரணத்தை எழுது. கீழே கையெழுத்துப் போடு." பாதிப் பேர் அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள்.

இருபத்துநாலு வருஷப் பேராசிரியை. ஞாயிறானால் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்து, மாமல்லபுரம் பக்கத்தில் ஒரு சின்னச் சபைக்குப் போய் ஆராதனை நடத்துவார். அங்கேதான் 2003இல் வம்பு வந்து சேர்ந்தது.

சபைச் செயலாளர் ராஜேந்திரனின் மகள் லதாவுக்கும், காலனிக் கன்னியம்மாவின் மகன் பிரவின்குமாருக்கும் கல்யாணம். மூன்று ஞாயிறு சபையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, 'தடை உண்டானால் சொல்லலாம்' என்று கேட்ட பிறகுதான் தாலி கட்ட முடியும். இரண்டு ஓலை ஆகிவிட்டது. மூன்றாவதை வாசிக்கவே கூடாது என்று ராஜேந்திரன் குதித்தார். ஒரே பாத்திரத்தில் திருவிருந்து ரசம் குடிக்கலாமாம், சம்பந்தம் மட்டும் ஆகாதாம். என்ன பக்தியோ, கர்மமோ!

சனிக்கிழமை கல்லூரிக்கே வந்துவிட்டார்.

"இன்னா பாஸ்டரம்மா, அடுத்த பிரின்சிபால் நீங்கதான்னு பேசிக்கிறாங்கோ. பிஷப்பு என் பேச்ச தட்ட மாட்டாரு. நாளைக்கு ஓலைய வாசிச்சீங்கோ, அவ்ளோதான். அப்பால என்னைச் சொல்லாதீங்கோ."

அந்த நாற்காலிக்கு ஞானாபரணம் ஆசைப்படாமல் இல்லை. 'பொம்பளைக்கு எதுக்கு எபிரெயம்' என்று கேட்டவர்கள் நடுவில் பல்லைக் கடித்துக்கொண்டு உழைத்தவர்.

"வாசிப்பேன், செக்ரெட்டரி ஐயா. ஆட்சேபணை இருந்தா அங்கேயே சொல்லுங்க."

மறுநாள் வாசித்தார். "தடை உண்டானால் சொல்லலாம்."

ராஜேந்திரன் எழுந்தார். "கீது! நான் ஒத்துக்க மாட்டேன்!"

ஞானாபரணம் சபைப் பதிவேட்டைத் திறந்து பேனாவை நீட்டினார். "காரணத்தை எழுதுங்க. கீழே கையெழுத்துப் போடுங்க."

ராஜேந்திரன் விறுவிறுவென்று வந்து பேனாவைப் பிடுங்கினார். எழுத வேண்டியது ஒரே ஒரு ஜாதியின் பேர். முதல் வரிசையில் லதா கண் கொட்டாமல் அப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனுஷனுக்கு வேர்த்து ஊற்றியது. பேனாவை வீசிவிட்டு வெளியே போய்விட்டார்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பத்தாம் நாள், அவரிடமே எபிரெயம் படித்த பிஷப்பின் உத்தரவு வந்தது. பிரின்சிபால் பதவி மட்டுமா, பேராசிரியை வேலையும் போச்சு. எங்கோ ஒரு மூலைக்கு மாற்றல். காரணம் ஒரு வரிகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த உத்தரவையும் ஓலை மாதிரியே வாசித்தார் ஞானாபரணம். முடித்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"தடை உண்டானால் சொல்லலாம்."

பெஞ்சுகளுக்குப் பின்னால், காலனிக்காரர்கள் உட்காரும் பாயிலிருந்து கன்னியம்மா எழுந்தாள். "எனுக்குக் கீதும்மா! எயுதத்தான் வராது. நான் சொல்றேன், மருமவ எயுதட்டும்."

லதா எழுதினாள்: 'எங்கள் கல்யாணத்துக்கு ஓலை வாசித்ததற்காகவே இவரை அனுப்புகிறார்கள். நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம்.' கன்னியம்மா கட்டைவிரலை அழுத்தினாள். பின்னாலேயே வரிசை கட்டிவிட்டார்கள். பாயில் இருந்தவர்கள் வந்தார்கள், பெஞ்சில் இருந்தவர்களும் வந்தார்கள். நாலு பக்கம் நிரம்பியது.

திங்கட்கிழமை ஞானாபரணம் அந்த நாலு பக்கத்தையும் நகலெடுத்து, பிஷப்புக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினார். கூடவே ஒரு வெள்ளைத்தாள். அதன் தலைப்பில் அவர் கையெழுத்தில் இரண்டே வரி இருந்தது:

'காரணத்தை எழுது. கீழே கையெழுத்துப் போடு.'