போகட்டும் என்று சொல்ல ஓர் ஆள்

விடியுமுன் மூன்றாம் மாடிக்கு ஏறிவிட வேண்டும். அந்நேரத்தில் லிப்டை ஓடவிட மாட்டார்கள். மூச்சு வாங்க ஏறி வந்து, முந்தின நாளின் எரிச்சல் இன்னும் போகாத கண்களைத் திரைக்கு முன் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் விரல்கள் ஓடத் தொடங்கும். ஊர் விழித்துக் கைப்பேசியை எடுக்கும்போது கடைகளின் விளம்பரச் செய்தி அதில் காத்திருக்க வேண்டுமாம். அதற்காக அந்த விளம்பர நிறுவனத்து ஊழியர்கள் தூக்கத்தை விற்றார்கள்.

செய்தி எழுதுபவளை எல்லோரும் தந்தி என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவு சுருக்கமாக எழுதுவாள். லாரி ஓட்டிக்கொண்டிருந்த கணவன் இடுப்பெலும்பு விலகி வீட்டோடு கிடந்தான். அடுப்பு அவள் சம்பளத்தில்தான் எரிந்தது. பக்கத்து மேசையில் கடைகளின் வாடிக்கையாளர்களுடைய அழைப்புகளை எடுப்பவர் கணீர். குரலால் வந்த பெயர். ஜன்னலோரம் விளம்பரப் படம் செய்யும் படக்காரன், பேச்சை விடக் கொட்டாவி அதிகம். பின்வரிசைகளில் இன்னும் சிலர்.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் இருந்தது. எழுதியதை எழுதியவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். கேட்ட ஒருவர் "போகட்டும்" என்று சொன்ன பிறகுதான் செய்தி வெளியே போகும். யார் தொடங்கியதென்று யாருக்கும் தெரியாது. ஆனால் பல அபத்தங்கள் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தபோதுதான் பிடிபட்டிருக்கின்றன.

சில வாரங்களாக முதலாளி ஆட்டோமேஷன் பைத்தியம் பிடித்து அலைந்தார். மூன்று மென்பொருள்களைச் சோதனைக்கு வாங்கியிருந்தார். ஒன்று தானே செய்தி எழுதி அனுப்பும். ஒன்று தொலைபேசிக்குத் தானே பதில் சொல்லும். மூன்றாவது படம் செய்யும். எது வந்தாலும் ஒரு மேசை காலியாகும் என்பது எல்லோருக்கும் புரிந்திருந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. தன் மேசை தப்பினால் போதும் என்று ஆளாளுக்கு உள்ளுக்குள் கணக்குப் போட்டார்கள், தந்தியும்தான்.

அன்று காலை அவர்கள் வருவதற்குள் செய்திகள் போய்விட்டிருந்தன. செய்தி எழுதும் கருவியை முதலாளி முந்தின மாலையே யாரிடமும் சொல்லாமல் முடுக்கிவிட்டிருந்தார். குழந்தைத் துணிக்கடையின் வாடிக்கையாளர்களுக்கு, அவர்கள் குழந்தையின் முதல் பிறந்தநாள் வாழ்த்து. கணீரின் தொலைபேசி அடித்தது.

எதிர்முனையில் ஒரு தாய். அவள் கத்தியிருந்தால் கூடத் தாங்கிக்கொண்டிருக்கலாம்.

"என் குழந்தை இல்லன்னு உங்ககிட்ட சொன்னேனே. அனுப்ப மாட்டோம்னு சொன்னீங்களே" என்று மட்டும் கேட்டாள்.

கணீருக்குக் குரல் எழும்பவில்லை. அவள் சொன்ன அன்றே அவர் அதை அறையில் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவள் பெயர் வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் நிறுத்திவிடுவார்கள். கருவிக்கு அதைச் சொல்வார் யார்? அதை முடுக்கிவிட்டதே அவர்களுக்குத் தெரியாதே.

விஷயம் தெரிந்த முதலாளி, தகவலைக் கணினியில் ஏற்றாதது கணீரின் தப்பு என்று அவர் சம்பளத்தில் பிடித்தம் போட்டார். பிறகு தந்தியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"போன் எடுக்கிற கருவிதான் நமக்குச் சரின்னு எனக்கு எழுதி அனுப்பும்மா. ஊழியர்களே தேர்ந்தெடுத்ததா இருக்கட்டும்."

"கணீர் அண்ணன் என்ன சார் ஆவாரு?"

"அதை நான் பாத்துக்கறேன். உன் வேலைக்கு நான் பொறுப்பு. வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கு?"

அந்தக் கடைசிக் கேள்வி அவள் கழுத்தைப் பிடித்தது. வெளியே வந்து உட்கார்ந்து எழுதினாள். வழக்கம்போலச் சுருக்கமாக, நான்கு வரியில் ஒரு மனிதரின் பிழைப்பு முடிந்தது. அனுப்ப விரல் வைத்தாள். விரல் நகரவில்லை. இத்தனை வருடத்தில் படித்துக் காட்டாமல் எதையும் அவள் அனுப்பியதில்லை. தன்னையறியாமல் வாய் திறந்துகொண்டது.

"தொலைபேசிக்குப் பதில் சொல்லும் கருவியே நம் நிறுவனத்துக்கு ஏற்றது..."

பக்கத்து மேசையில் கணீர் பழக்கதோஷத்தில் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் "போகட்டும்" சொல்ல வேண்டியவர். தந்திக்கு உடம்பெல்லாம் கூசியது. அழுகை முட்டியது. உள்ளே நடந்ததை ஒன்று விடாமல் கொட்டிவிட்டாள்.

கணீர் தலையைத் திருப்பிக்கொண்டார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்கிட்டயும் போன வாரம் கேட்டாரு அக்கா, எழுதற கருவி நல்லதான்னு. நல்லதுன்னுட்டேன்" என்றான் படக்காரன், தரையைப் பார்த்தபடி.

அறைக்கே விளங்கிவிட்டது. முதலாளி கருவியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. ஒருவர் கழுத்தில் இன்னொருவர் கத்தி வைக்கத்தான் கேட்டிருக்கிறார்.

"அழிச்சிட்டு வேற எழுது தங்கச்சி" என்றார் கணீர். குரல் திரும்பியிருந்தது.

அவள் எழுதி, எழுந்து நின்று படித்தாள்: "கருவி மேல் எங்களுக்குப் பகை இல்லை. எது வேண்டும் என்பதை எல்லோரும் சேர்ந்து சொல்கிறோம். எது வந்தாலும் யாரையும் வேலையை விட்டு அனுப்பக்கூடாது. கணீரின் சம்பளத்தில் கைவைக்கக்கூடாது. ஓர் ஆள் கேட்டுச் சொல்லாமல் எந்தச் செய்தியும் வெளியே போகாது."

"போகட்டும்" என்றார் கணீர்.

"போகட்டும்" என்றான் படக்காரன். பின்வரிசைகளிலிருந்தும் அந்தச் சொல் வந்தது. அவள் அனுப்பினாள்.

முதலாளியின் கதவு திறக்க அதிக நேரம் ஆகவில்லை.

"யார் எழுதினது இது?"

"நான் எழுதினேன் சார்."

"நான் கேட்டுப் 'போகட்டும்'னு சொன்னேன்" என்று கணீர் எழுந்தார். படக்காரனும் எழுந்தான். நாற்காலிகள் ஒவ்வொன்றாகத் தரையில் உரசின.

"மிரட்டறீங்களா? நாளைக்கு இந்தக் கதவு உங்களுக்குத் திறக்கும்னு என்ன நிச்சயம்?"

கணவனின் முகம் தந்தியின் கண்முன் வந்து போனது. ஆனாலும் உட்காரத் தோன்றவில்லை.

"நிச்சயம் இல்ல சார். ஆனா விடியறதுக்கு முன்னாடி எல்லாரும் வந்து கதவுக்கு வெளியே நிப்போம்."

முதலாளி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கணீரின் மேசையில் தொலைபேசி அடித்தது. அவர் எடுக்கும்வரை ஒருவரும் உட்காரவில்லை.