நாகுவின் கொழுந்து

இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் சாவு விழுந்தால் முதலில் தப்படிக்கிறவருக்கும் அடுத்தபடியாகச் செல்லசாமிக்கும் ஆள் போகும். ஊருக்கே ஞானம் சொல்லும் வாய் அது. "ஒடம்புங்கிறது தோட்டம் குடுத்த லயத்துக் காம்பரா. உயிரு அதுல குடியிருந்துச்சு, காலி பண்ணிட்டுப் போயிருச்சு. காலிக் காம்பராவுல யாரத் தேடி அழுவுறீங்க?" என்று அவன் ராகம் போட்டு இழுத்தால், மாரடித்துக்கொண்டிருந்த பெண்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். துடைக்காதவள் ஒருத்திதான், அவன் பெண்டாட்டி சண்முகவடிவு.

ஐந்து வயது மகள் நாகு வயிற்றோட்டத்தில் போனபோதும் அவன் இதையேதான் பாடினான். குரல் ஓரிடத்தில்கூடப் பிசிறவில்லை. பெற்ற வயிறு பற்றி எரிகிறது, இந்த மனுஷனுக்குப் பாட்டு கேட்கிறதா? அன்றைக்கு அவன்மேல் வந்த வெறுப்பு ஏழு வருஷமாகியும் அவளுக்குத் தணியவில்லை.

புதைத்த இடத்தை மறு வருஷமே தோட்டம் வளைத்துத் தேயிலை நட்டுவிட்டது. மழைத்தண்ணீர் ஓடும் கானை ஒட்டி மூன்றாவது செடிதான் நாகு. அந்த நிரைக்கு வரும்போதெல்லாம் சண்முகவடிவு கொழுந்தைக் கிள்ளுவாள், கூடையில் போடமாட்டாள். தூரிலேயே உதிர்த்துவிட்டு நகர்வாள். கங்காணி வாய்க்கு வந்தபடி ஏசுவான். ஏசிவிட்டுப் போகட்டும். பிள்ளை தலையில் முளைத்ததை நிறுத்துக் கொடுக்கவா அவள் பெற்றாள்?

பிரஜாவுரிமை மனு தள்ளுபடியாகி வந்தது. பிறந்த மண்ணிலேயே அவர்களுக்கு இடமில்லையாம். இந்தியாவுக்குப் போகிறோம் என்று செல்லசாமி கைநாட்டு வைத்தான். அவள் ஒரே பிடியாக மறுத்தாள்.

"எம்புள்ளைய இங்க போட்டுட்டு நா எங்க வர்றது?"

ஒரு மாதம் அவன் விடவில்லை. "அங்க அவ இல்ல வடிவு. காம்பரா காலி. செடிக்குக் கீழ வெறும் மண்ணுதான். உயிருக்குக் கடல் ஏது, கப்பல் ஏது? நாம எங்க போனாலும் அவ கூடத்தான் வருவா."

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். ஒரு நாள் மலையில் கொழுந்து எடுக்கையில் அந்தச் சொல் அவளுக்குள் இறங்கியது. ஏழு வருஷத்தில் முதல்முறையாக நெஞ்சில் பாரமில்லை. மூன்றாவது செடியின் கொழுந்தையும் மற்றதோடு மற்றதாகக் கூடையில் போட்டாள். மறுநாள் கைநாட்டும் வைத்தாள். பக்கத்துக் காம்பரா ராக்காயி கைக்குழந்தையைப் பறிகொடுத்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து காம்பராக் கதையை அவளே சொன்னாள்.

மூன்று மாதம் கழித்துப் புறப்படும் நாள் வந்தது. விடிகாலையில் பெரட்டுத் தப்பு அடித்து எல்லாரையும் வேலைக்குக் கூப்பிட்டது, அவர்களைத் தவிர. தலவாக்கலை பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பெட்டியைக் கட்டிவிட்டுப் பார்த்தால் செல்லசாமியைக் காணோம். அவனைத் தேடிக்கொண்டு அவள் மலையேறினாள்.

மூன்றாவது செடியடியில் முட்டிபோட்டு, கையாலேயே பறித்த மண்ணைத் துண்டில் அள்ளிக்கொண்டிருந்தான். தோள் குலுங்கியது. எத்தனையோ சாவு வீடுகளில் பிசிறாத தொண்டையிலிருந்து, "ஆத்தா நாகு, ஆத்தா நாகு" என்பது மட்டும் வந்தது.

"என்னாங்க இது? காலின்னு சொன்னீங்களே?"

திரும்பினான். முகமெல்லாம் மண். "ஊருக்குச் சொன்னேன். ஒனக்குஞ் சொன்னேன். எனக்குத்தான் அந்தப் பேச்சு ஒரு நாளும் மனசுல ஏறல." துண்டின் முனைகளைச் சேர்த்து முடிந்தான். "நீயாச்சும் நம்பிக்கிட்டே இரு வடிவு. ரெண்டு பேரும் நம்பலன்னா எப்புடிக் கப்பலேறுறது?"

இந்த மனுஷனையா ஏழு வருஷம் வெறுத்தோம்? அவனுக்காகவாவது பாடலாம் என்று வாயெடுத்தாள். "ஒடம்புங்கிறது..." அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. கீழே ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது.

அவள் மூன்றாவது செடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நா கிள்ளிட்டேங்க," என்றாள். "மூணு மாசமா அவ கொழுந்தையும் கூடையில போட்டுட்டேன். நிறுத்து, ஃபேக்டரிக்கும் அனுப்பிட்டாங்க."